நித்தியகல்யாணியா? டேபிள் ரோஸா?

கோடை வந்துவிட்டால் வீட்டில் முதல் அடி விழுவது பூந்தொட்டிகளுக்குத்தான். குடிக்கவும் சமைக்கவுமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது, ரோஜாச் செடிக்கு அரை வாளி ஊற்றினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? 2019-ல் சென்னையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோய், அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீரை அளந்து அளந்து செலவழித்த அந்த மாதங்களில் எத்தனையோ மொட்டை மாடித் தோட்டங்கள் சருகாகிப் போயின.

ஆனால் அந்த வெயிலிலும் இரண்டு செடிகள் பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒன்று நித்தியகல்யாணி. இன்னொன்று டேபிள் ரோஸ். இரண்டையும் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பெயர் தெரியாமல் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"தண்ணீர் அதிகம் வேண்டாத பூச்செடி எது?" என்று எந்த நர்சரியில் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றுதானே, எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். ஆனால் இரண்டும் தாகத்தைத் தாங்கும் விதமே வேறு. அதனால் ஒரு வீட்டுக்குப் பொருந்துவது இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. அதிலும் சின்னக் குழந்தையோ சர்க்கரை நோயாளியோ இருக்கும் வீடு என்றால் யோசித்தே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பெயரிலேயே பாதி விஷயம்

நித்தியகல்யாணி என்றால் என்றும் மங்கலமாக இருப்பவள். வருடம் முழுவதும் பூப்பதால் வந்த பெயர். இந்தியில் சதாபஹார் என்பார்கள், அதற்கும் 'எப்போதும் வசந்தம்' என்பதுதான் பொருள். ஆனால் இதே செடிக்குத் தமிழில் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு! ஒரு வீட்டில் காலையில் இதைப் பறித்து சாமி படத்துக்கு வைப்பார்கள். இன்னொரு வீட்டில் "சுடுகாட்டுப் பூவை வாசலில் வைக்காதே" என்று பாட்டி திட்டுவார். காரணம் ஒன்றும் மர்மமில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்திலும் வளரும், ஆடு மாடு வாய் வைக்காது. அப்படிப்பட்ட செடி இடுகாட்டில் நிறைந்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

டேபிள் ரோஸ் ரோஜாவே இல்லை. அடுக்குப் பூவாக இருப்பது சின்ன ரோஜா மாதிரி தெரிவதால் வந்த பெயர். இதைப் பத்துமணிப் பூ என்றும் சொல்வார்கள். வெயில் ஏறி பத்து மணி ஆனால்தான் முழுதாக மலரும். மாலைக்குள் மூடிவிடும். கேரளத்திலும் பத்துமணிதான். வியட்நாம் மொழியிலும் இதன் பெயருக்குப் 'பத்து மணிப் பூ' என்றே பொருள்! ஒருவரை ஒருவர் கேட்காமலே எல்லோரும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பூ எவ்வளவு நேரம் தவறாமல் மலர்கிறது என்று பாருங்கள்.

ஆக, ஒன்றின் பெயர் 'எப்போதும்'. மற்றொன்றின் பெயர் 'பத்து மணி'.

இன்னொரு விஷயம், இரண்டுமே நம் ஊர்ச் செடிகள் இல்லை. நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. 1759-ல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். பிறகு கேதராந்தஸ் ரோசியஸ் என்று மாற்றினார்கள். ஆனால் விதைப் பாக்கெட்டிலும் நர்சரியிலும் இன்றும் வின்காதான். டேபிள் ரோஸின் அறிவியல் பெயர் போர்ட்டுலாக்கா கிராண்டிஃபுளோரா. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துச் செடி. நாம் கூட்டு வைத்துச் சாப்பிடும் பருப்புக்கீரைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

தாகத்தை எப்படித் தாங்குகின்றன?

செடி உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயு வேண்டும். அதற்கு இலையில் இருக்கும் நுண்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். இதுதான் எல்லாச் செடிக்கும் உள்ள தலைவலி. கதவைத் திறந்தால் தாகம், மூடினால் பசி!

டேபிள் ரோஸ் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. முதலில், அதன் தண்டும் இலையும் சதைப்பற்றானவை. இலை உருண்டையாக, சின்னப் புழு மாதிரி இருக்கும். அதுவே அதன் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது, தண்ணீர் இருக்கும் நாளில் மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்கள் செய்யும் சிக்கனமான முறையில் பகலில் உணவு தயாரிக்கும். மண் காய்ந்துவிட்டால் கள்ளிச் செடி மாதிரி மாறிவிடும். பகலில் நுண்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து, வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, அடுத்த நாள் வெயிலில் அதை எடுத்துப் பயன்படுத்தும். இந்த இரண்டு வித்தையும் தெரிந்த செடிகள் உலகில் மிகக் குறைவு. இதன் உறவான பருப்புக்கீரையை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தினர், இரண்டு முறைகளும் ஒரே செல்லுக்குள்ளேயே சேர்ந்து நடக்கின்றன என்று 2022-ல் காட்டினார்கள். களை என்று பிடுங்கிப் போடும் செடிக்குள் இவ்வளவு விஷயம்!

நித்தியகல்யாணியிடம் இந்த வித்தை எதுவும் இல்லை. அது சாதாரண இலைச் செடிதான். ஆனால் வேர் ஆழமாக இறங்கும். இலையின் மேல் பளபளவென்று மெழுகுப் பூச்சு இருக்கும். மத்தியானம் தாகம் எடுத்தால் இலையை மேல்பக்கமாக மடித்துக்கொண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்குச் செத்துப்போன மாதிரி இருக்கும். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஆக டேபிள் ரோஸ் சேமித்து வைத்துச் செலவு செய்யும், நித்தியகல்யாணி வயிற்றைக் கட்டிப் பொறுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை வேறுபாடு வருகிறது. டேபிள் ரோஸுக்கு வேர் மேலாகவே இருப்பதால் நான்கைந்து அங்குல ஆழமுள்ள தட்டு போதும். தேங்காய்ச் சிரட்டை, வெட்டிய தண்ணீர் பாட்டில், பழைய பிளாஸ்டிக் டப்பா எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை மட்டும் வேண்டும். நித்தியகல்யாணியை அதில் வைத்தால் தாங்காது. அதன் பலமே வேர்தானே? ஒரு முழ ஆழத் தொட்டியோ, அதைவிட நல்லது தரையோ கொடுத்தால்தான் தன் குணத்தைக் காட்டும். "நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கும் என்றார்களே, என் தொட்டியில் மட்டும் வாடுகிறதே" என்று புலம்புகிறவர்கள் தொட்டியின் ஆழத்தைப் பார்க்கட்டும்.

வறட்சி கொல்லாது, தண்ணீர் கொல்லும்

இரண்டு செடியும் சாவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர் இல்லாமை அல்ல, அன்பு மிகுதி! தினமும் இரண்டு வேளை ஊற்றினால் டேபிள் ரோஸின் தண்டு கூழாகி அழுகிவிடும். நித்தியகல்யாணி தண்டு கறுத்து, ஒரே வாரத்தில் மொத்தமாகச் சாயும். அதைப் பார்த்து "ஐயோ, தண்ணீர் பத்தவில்லை" என்று மேலும் ஊற்றுவார்கள். கதை முடிந்தது.

செய்ய வேண்டியது எளிது. விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சமமாகக் கலந்தால் நித்தியகல்யாணிக்கு ஏற்ற மண். டேபிள் ரோஸுக்கு மணலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இவையே இந்தச் செடிகளுக்குப் போதும். குடிக்கும் தண்ணீரில் கை வைக்கத் தேவையே இல்லை. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் பூச்செடி வைப்பது தப்பா என்று மனசாட்சி குத்துகிறவர்களுக்கு இதுதான் பதில்.

நம் ஊரில் இவற்றுக்கு உண்மையான சோதனை சித்திரை வெயில் இல்லை, ஐப்பசி அடைமழை! வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் விடாமல் பெய்தால் டேபிள் ரோஸ் பெரும்பாலும் போய்விடும். அதனால் மழைக்கு முன்பே நாலைந்து கிளைகளை விரல் நீளத்துக்குக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மணல் நிரப்பிய டப்பாவில் குத்தி, மழை படாத ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். பத்து நாளில் வேர் விட்டுவிடும். தை பிறந்ததும் அதிலிருந்தே மாடி முழுவதும் பரப்பலாம். நித்தியகல்யாணிக்கு இவ்வளவு பாடு இல்லை. வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடம் இருக்கும். அடிப்பகுதி கட்டையாகிப் பூ குறைந்தால், மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும்.

விதை போடுவதிலும் இரண்டும் எதிரும் புதிரும்தான். டேபிள் ரோஸ் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் சுமார் 10000 விதைகள்! அது முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், மூடக்கூடாது. நித்தியகல்யாணி விதை முளைக்க இருட்டு வேண்டும். கட்டாயம் மண் போட்டு மூட வேண்டும். இரண்டு பாக்கெட்டையும் வாங்கி ஒரே மாதிரி விதைத்தால் ஏதோ ஒன்று முளைக்காது, கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பூ எதில் அழகு?

நிறத்தில் டேபிள் ரோஸை ஜெயிக்க முடியாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ராணி கலர், வெள்ளை என்று எல்லாம் உண்டு. அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறத்துக்குக் காரணம் பீட்டாலைன் என்னும் நிறமி. பீட்ரூட்டுக்கும் காகிதப் பூவுக்கும் கோழிக்கொண்டைக்கும் நிறம் கொடுப்பது அதுவே. ஆனால் ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். மேகம் மூடினாலோ நிழலில் இருந்தாலோ அந்த ஒரு நாளும் சரியாக மலராது. காலை எட்டு மணிக்குக் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விட்டு மாலை ஆறு மணிக்கு வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் தன் டேபிள் ரோஸ் மலர்ந்ததைப் பார்க்கவே மாட்டார்! அவருக்கு நித்தியகல்யாணிதான் சரி. அதன் பூ மூன்று நான்கு நாள் இருக்கும், மூடாது, அரை நிழலிலும் பூக்கும்.

மலர்ந்த டேபிள் ரோஸ் கைக்குக் கிடைத்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு புல் நுனியால் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை மெதுவாக ஒரு பக்கம் தொடுங்கள். அவை தொட்ட பக்கம் நோக்கிச் சாயும். தேனீ வந்து உட்கார்ந்தால் அதன் மேல் மகரந்தத்தைப் பூசுவதற்கான ஏற்பாடு.

மருந்தும் விஷமும்

இப்போது முதலில் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருவோம். நித்தியகல்யாணியின் இலையைக் கிள்ளினால் பால் வரும். அரளி, எருக்கு, நந்தியாவட்டை எல்லாம் இதன் குடும்பம்தான். இவற்றை ஆடு தின்னாததற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இதற்கும்: விஷம்.

அந்த விஷத்தின் கதை சுவாரசியமானது. பல நாடுகளில் இந்த இலையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பது வழக்கம். ஜமைக்காவிலும் அப்படித்தான். 1952-ல் அங்கிருந்து கொஞ்சம் இலைகள் கனடாவைச் சேர்ந்த கிளார்க் நோபல் என்ற மருத்துவருக்கு வந்தன. (1921-ல் இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு உதவ யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டியபோது சார்லஸ் பெஸ்ட்டிடம் தோற்றவர் இவர்தான்!) அவர் அந்த இலைகளைத் தம்பி ராபர்ட் நோபலிடம் கொடுத்தார். ராபர்ட் எலிகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் தொற்று நோய் வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பயங்கரமாகக் குறைந்திருந்தன.

வேறொருவராக இருந்தால் "சோதனை தோல்வி" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவர் மாற்றி யோசித்தார். வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? இது அவற்றைக் குறைக்கிறது என்றால்? ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் சேர்ந்து பிரித்தெடுத்த பொருள்தான் வின்பிளாஸ்டின். 1958-ல் அறிவித்தார்கள். எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தனியாக இதே செடியை ஆராய்ந்து, வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு மருந்தைக் கண்டார்கள். 1963-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். வின்கா என்ற பழைய பெயர் இன்றும் இந்த மருந்துகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செல் இரண்டாகப் பிரிய உள்ளே நுண்ணிய குழாய்கள் கட்டப்பட வேண்டும். இந்த மருந்து அதைக் கட்டவிடாது. வேகமாகப் பிரியும் புற்றுசெல் செத்துவிடும். ஆனால் எலும்பு மஜ்ஜை, குடல், மயிர்க்கால் இவையும் வேகமாகப் பிரிபவைதானே? அவையும் அடிபடும். நரம்பும் பாதிக்கப்படும். வின்கிறிஸ்டினை ரத்தக் குழாயில்தான் ஏற்ற வேண்டும், தவறித் தண்டுவடத்தில் ஏற்றினால் உயிரே போய்விடும். அவ்வளவு வீரியம்.

செடியில் இது மிகமிகக் குறைவாகவே இருக்கிறது. ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை என்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிர் செய்து இலையையும் வேரையும் விற்கும் விவசாயிகள் உண்டு. மழை பொய்த்த காட்டில், ஆடு மேயாத பயிர் என்றால் சும்மாவா? 2022-ல் இந்த மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள்களை ஈஸ்ட்டைக் கொண்டு தயாரிக்கும் வழியையும் விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

"குறைவாகத்தானே இருக்கிறது, அப்படியானால் நாலு பூவைக் கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வரும் செய்தியை நம்பி தினமும் வெறும் வயிற்றில் மெல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். செடியில் இருப்பது ஒரு பொருள் அல்ல, நூற்றுக்கு மேற்பட்ட காரப்பொருள்கள். எந்த இலையில் எது எவ்வளவு என்று சமையலறையில் அளக்க முடியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு முதல் வெள்ளை அணுக்கள் குறைவது வரை எதுவும் வரலாம். சர்க்கரை மாத்திரையும் சேர்ந்துகொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்தும் உண்டு. புற்றுநோய்க்கு மருந்து இதிலிருந்துதான் வருகிறது என்பது, இதை வீட்டில் மெல்வதற்குக் காரணம் அல்ல. மெல்லக்கூடாது என்பதற்குத்தான் காரணம்.

டேபிள் ரோஸில் இந்தப் பயம் இல்லை. அதற்காக அதைக் கீரை என்று நினைத்துப் பறித்துவிட வேண்டாம். சாப்பிடுவது பருப்புக்கீரையைத்தான்.

சரி, எதை வைப்பது?

தவழும் குழந்தை, எதையும் வாயில் போடும் வயது என்றால் டேபிள் ரோஸ். நாள் முழுக்க வெயில் அடிக்கும் மொட்டை மாடி, ஆழமில்லாத தொட்டி, பகலில் வீட்டில் ஆள் இருப்பது, இவை இருந்தாலும் அதுவே. வாசலில் கொஞ்சம் தரை, ஆடு மாடு நடமாட்டம், பாதி நாள் நிழல், அடிக்கடி ஊருக்குப் போகும் குடும்பம் என்றால் நித்தியகல்யாணி. அதை வெட்டினால் கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் "பார்க்கத்தான், தின்ன அல்ல" என்று சொல்லி வளருங்கள். இடம் இருந்தால் இரண்டையும் வைக்கலாம், ஆனால் ஒரே தொட்டியில் வேண்டாம். ஒன்றுக்கு ஊற்றும் தண்ணீர் மற்றொன்றுக்கு அதிகமாகிவிடும்.

இரண்டுக்கும் வாசம் கிடையாது, தலையில் சூட முடியாது, பூக்கடையில் விலை போகாது. ஆனாலும் மல்லிகையும் ரோஜாவும் தலை தொங்கும் மாதத்தில் வீட்டுக்கு நிறம் கொடுப்பது இவைதான். அடுத்த கோடைக்கு முன் ஒரு கிளையோ நாலு விதையோ பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய செடிகளே இல்லை இவை!